விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ்: எதைத் தேர்வது?

2015-ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. முந்தைய நாள் வரை இயங்கிய கணினி மறுநாளும் இயங்கியது. கோப்புகள் திறந்தன, அச்சுப்பொறி அச்சிட்டது. எதுவும் மாறவில்லை என்றே பலரும் எண்ணியிருப்பார்கள். மாறியது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. இயங்குதளத்தில் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை மாதந்தோறும் அடைத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின.

அந்தத் திருத்தங்கள் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை 2017 மே மாதம் உலகம் கண்டது. 'வானாக்ரை' என்ற தீநிரல் பல நாடுகளில் கணினிகளை முடக்கி, பணயத்தொகை கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவை நிலைகுலைந்தது. அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது; அதை ஏற்றிக்கொள்ளாத கணினிகளே வீழ்ந்தன. ஆதரவு முடிந்த இயங்குதளத்துக்கோ திருத்தமே வருவதில்லை.

விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே என்று கேட்கலாம். பலரால் முடியாது. அந்த இயங்குதளம் 'டிபிஎம் 2.0' என்ற பாதுகாப்புக் கூறையும், இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதையும் கேட்கிறது. எட்டாம் தலைமுறைச் செயலிகள் 2017-இல்தான் வெளிவந்தன. அதற்கு முன் வாங்கிய கணினி நல்ல நிலையில் இருந்தாலும் அதற்கு அனுமதி இல்லை. உங்கள் கணினி தகுதி பெறுமா என்பதை மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற சிறு செயலி சொல்லிவிடும். சில கணினிகளில் டிபிஎம் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அமைப்பில் சென்று இயக்கினால் போதும். முதலில் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

தகுதி பெறாத கணினியை வைத்திருப்பவர் முன் மூன்று வழிகள் காட்டப்படுகின்றன. புதிய கணினி வாங்குவது ஒன்று. ஆபத்தைத் தெரிந்தே பழையபடி தொடர்வது மற்றொன்று. 2026 அக்டோபர் 13 வரையிலான ஓராண்டு நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்து, முடிவைத் தள்ளிப்போடுவது மூன்றாவது. நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, அதே கணினியில் லினக்ஸையும் நிறுவி, தொடங்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்வதுதான் அது. இதனை இரட்டைத் தொடக்கம் என்பார்கள்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்த நான்காவது வழியே எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. ஓர் இயந்திரம் தேய்ந்து பயனற்றுப் போவது வேறு. வேறொருவரின் முடிவால் பயனற்றதாக்கப்படுவது வேறு. முதலாவதில் புதியது வாங்குவதைத் தவிர வழியில்லை. இரண்டாவதில், அந்த முடிவு நம்மைக் கட்டுப்படுத்துமா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்கலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்பது நம் நடுத்தரக் குடும்பங்களில் இன்னமும் தவணைக் கணக்கில்தான் வருகிறது. தூக்கியெறியப்படும் கணினியின் கதையும் அத்தோடு முடிவதில்லை. 2022-ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது கால் பங்குக்கும் குறைவு என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது.

ஒரே மாவு, பல பலகாரம்

லினக்ஸ் என்று பொதுவாகச் சொன்னாலும், கடையில் கேட்டால் கிடைக்கும் ஒரே பொருளாக அது இருப்பதில்லை. 1991-இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது இயங்குதளத்தின் கரு மட்டுமே. கணினியின் வன்பொருளோடு பேசும் பகுதி அது. அதைச் சுற்றியுள்ள கருவிகள் பல, 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த 'குனூ' திட்டத்திலிருந்து வந்தவை. இவற்றோடு திரைத்தோற்றம், உலாவி, அலுவலகச் செயலிகள், நிறுவும் கருவி ஆகியவற்றைச் சேர்த்துப் பயனருக்கு ஏற்ற வடிவில் கட்டித் தருவதற்குப் பெயர் 'வழங்கல்'. ஒரே மாவில் இட்லியும் தோசையும் பணியாரமும் வருவதைப்போல, ஒரே கருவிலிருந்து உபுண்டு, டெபியன், ஃபெடோரா, மின்ட் என நூற்றுக்கணக்கான வழங்கல்கள் வந்துள்ளன. மாவு ஒன்றாக இருப்பதால் ஒன்றில் கற்றது மற்றதில் வீணாவதில்லை.

இவை நமக்கு முற்றிலும் அன்னியமானவையும் அல்ல. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் இருப்பது லினக்ஸ் கருதான். உலகின் முதல் 500 மீக்கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அனைத்தும் லினக்ஸில் இயங்குபவை. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வி பல ஆண்டுகளாக லினக்ஸ் வழியாகவே நடக்கிறது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற கணினிகளிலும் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. இரட்டைத் தொடக்கம் நம் ஊர்ப் பிள்ளைகளின் கைகளில் எப்போதோ வந்துவிட்ட ஒன்று. அதில் இரண்டாவது கதவை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கேள்வி. கதவு இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாவிட்டால் அது சுவராகவே தெரியும்.

விண்டோஸை ஏன் நீக்க வேண்டியதில்லை?

லினக்ஸ் ஆர்வலர்கள் சிலர், விண்டோஸை முழுவதுமாக அழித்துவிடச் சொல்வார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் கூடாது என்பது அவர்கள் வாதம். நான் அதை ஏற்பதில்லை.

பொருளியலில் 'மாறுதல் செலவு' என்றொரு கருத்து உண்டு. ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது விலையைத் தவிர நாம் செலுத்தும் அனைத்தும் அதில் அடங்கும்: புதிதாகக் கற்கும் நேரம், பழைய கோப்புகளை மாற்றும் உழைப்பு, உடன் பணிபுரிபவர்களோடு ஒத்துப்போகாமல் வரும் சிக்கல். கார்ல் ஷபிரோவும் ஹால் வேரியனும் தகவல் பொருளாதாரம் குறித்த தங்கள் நூலில் இதை விரிவாக விளக்கியுள்ளனர். மென்பொருள் சந்தையில் வாடிக்கையாளரைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் தரமோ விலையோ அன்று, இந்தச் செலவுதான் என்பது அவர்கள் கருத்தின் சாரம்.

நம் சூழலில் இந்தச் செலவு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். கடைக்காரரின் கணக்கு டேலியில் இருக்கிறது. அது விண்டோஸுக்காக எழுதப்பட்ட செயலி. அச்சகத்தின் வடிவமைப்பு கோரல்டிராவிலும் பேஜ்மேக்கரிலும் இருக்கிறது. ஆசிரியரின் இருபதாண்டுப் பாடக்குறிப்புகள் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. தணிக்கையாளரின் மின்கையொப்பச் சாதனம் பல நேரங்களில் விண்டோஸையே எதிர்பார்க்கிறது. இவற்றை ஒரே நாளில் கைவிடச் சொல்வது, இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கச் சொல்வதாகும்.

இரண்டையும் வைத்துக்கொள்வதன் பயன் இங்கேதான் தெரிகிறது. மாறுதல் செலவை ஒரே தவணையில் கட்டாமல் சிறுகச் சிறுகக் கட்டலாம். பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம். திரும்பும் வழி திறந்திருக்கும்போதுதான் மனிதர்கள் புதியதைத் துணிந்து தொடுகிறார்கள்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஆதரவு முடிந்த விண்டோஸ், பக்கத்தில் லினக்ஸ் வந்துவிட்டதால் பாதுகாப்பானதாக மாறிவிடாது. எனவே வேலையைப் பங்கிட வேண்டும். வங்கிப் பரிமாற்றம், மின்னஞ்சல், இணையத்தில் உலாவுதல், பிள்ளைகளின் படிப்பு ஆகியவை லினக்ஸில். கணக்கு, பழைய ஆவணங்கள், வடிவமைப்பு ஆகியவை இணைய இணைப்பைத் துண்டித்த விண்டோஸில். விண்டோஸில் செய்யும் வேலைக்கே இணையம் கட்டாயம் என்பவர்கள் நீட்டிப்புத் திட்டத்தையோ புதிய கணினியையோ நாடுவதே முறை. இரண்டு இயங்குதளங்களும் ஒரே வட்டில் இருப்பதால் ஒன்றில் நுழையும் தீநிரல் மற்றதன் கோப்புகளையும் அழிக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

சிறந்தது எது என்று கேட்காதீர்கள்

நூற்றுக்கணக்கான வழங்கல்களில் எது சிறந்தது? புதியவர் பலரும் இந்தக் கேள்வியிலேயே வாரக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். 1978-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் இதற்கு நல்லதொரு விடை வைத்திருக்கிறார். எல்லா வாய்ப்புகளையும் எடைபோட்டு உச்சமானதைத் தேர்வது மனிதரால் ஆகாத காரியம்; நம் அறிவுக்கும் நேரத்துக்கும் எல்லை உண்டு. ஆகவே, தேவையான தகுதிகளை முதலில் வரையறுத்துக்கொண்டு, அவற்றை நிறைவுசெய்யும் ஒன்று கிடைத்ததும் தேடுவதை நிறுத்துவதே அறிவுடைமை என்றார் அவர். வீட்டுக்கான வழங்கலைத் தேர்வதில் நான் நான்கு தகுதிகளை வைப்பேன்.

முதலாவது, ஆதரவுக் காலம். விண்டோஸ் 10-இன் ஆதரவு முடிந்ததால்தானே இந்தத் தேடலே தொடங்கியது? ஆகவே இங்கும் முதல் கேள்வி அதுவாகவே இருக்க வேண்டும். உபுண்டு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்றை வெளியிடுகிறது. 24.04 என்றால் 2024-ஆம் ஆண்டின் நான்காம் மாதம் என்று பொருள். அதற்கு ஐந்தாண்டு இயல்பான ஆதரவு உண்டு. பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்கு ஐந்து கணினிகள் வரை கட்டணமின்றிப் பத்தாண்டுகளாக அதை நீட்டித் தருகிறார்கள். அதன்மேல் கட்டப்பட்ட லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு. டெபியனின் நிலையான பதிப்புக்கு மூன்றாண்டு முழு ஆதரவும், அதன்பின் இரண்டாண்டு நீட்டித்த ஆதரவும் உண்டு. ஃபெடோராவோ ஆறு மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பதிப்பு வெளியிட்டு, ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 13 மாதங்களே ஆதரிக்கிறது. புதுமையை விரும்பும் மென்பொருளாளருக்கு அது ஏற்றது. ஆண்டுதோறும் இயங்குதளத்தை உயர்த்த விரும்பாத குடும்பத்துக்கு ஏற்றதன்று.

இரண்டாவது, பயன்படுத்துவோரின் எண்ணிக்கை. தொலைபேசி ஒருவரிடம் மட்டும் இருந்தால் பயனில்லை. பலரிடம் இருந்தால்தான் மதிப்பு. இதைப் பொருளியலில் வலைப்பின்னல் விளைவு என்போம். வைஃபை வேலை செய்யவில்லை என்று தேடும்போது, அதே சிக்கலைச் சந்தித்துத் தீர்த்த ஒருவரின் விடை கிடைக்குமா என்பது அந்த வழங்கலை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அழகிய தோற்றமும் சிறிய குழுவும் கொண்ட வழங்கல்கள் சில ஆண்டுகளில் கைவிடப்படுவது உண்டு. உபுண்டு, டெபியன், மின்ட் மூன்றும் ஒரே குடும்பத்தவை. ஒன்றுக்கு எழுதப்பட்ட விடை பெரும்பாலும் மற்றவற்றுக்கும் பொருந்தும்.

மூன்றாவது, உங்கள் கணினியின் வலிமை. நினைவகம் 8 ஜி.பி. இருந்தால் எந்த வழங்கலும் தடையின்றி ஓடும். 4 ஜி.பி. என்றால் திரைத்தோற்றத்தில் சிக்கனம் தேவை. மின்ட்டின் 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பு அதற்கு ஏற்றது. லுபுண்டு, சுபுண்டு போன்ற எளிய வடிவங்களும் உள்ளன. ஆயினும் அவற்றின் நீண்டகால ஆதரவு மூன்றாண்டுகளே. இன்னொரு செய்தி: பழைய சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு, ஓர் எஸ்எஸ்டி வட்டைப் பொருத்துவது எந்த வழங்கலைத் தேர்வதையும்விடக் கணினியின் வேகத்தைக் கூட்டும்.

நான்காவது, கைப்பழக்கமும் மொழியும். கீழ்ப்பட்டி, அதன் இடது மூலையில் பட்டியல் பொத்தான், வலது மூலையில் கடிகாரம் என விண்டோஸ் பழகிய கைக்கு மின்ட்டின் 'சினமன்' திரைத்தோற்றம் அரைநாளில் பிடிபடும். உபுண்டுவின் இயல்பான திரை சற்று வேறுபட்டது. பழகச் சில நாட்கள் ஆகும். தமிழைப் பொறுத்தவரை ஐயமே வேண்டாம். ஒருங்குறித் தமிழ் எழுத்துருக்கள் இவற்றில் கிடைக்கின்றன. தமிழ்99 விசைப்பலகையை இணையத்திலிருந்து கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். இயங்குதளத்தின் பட்டியல்களையும் செய்திகளையும் தன்னார்வலர்கள் தமிழாக்கியுள்ளனர். முழுமையாக இல்லாவிட்டாலும் பயன்படும் அளவுக்கு இருக்கிறது.

இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால், என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை இது. விண்டோஸ் மட்டுமே அறிந்தவருக்கு லினக்ஸ் மின்ட்டின் சினமன் பதிப்பு. 4 ஜி.பி. கணினிக்கு மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. கணினி அறிவியல் பயிலும் மாணவருக்கு உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. பாடநூல்களும் பயிற்சிகளும் பெரும்பாலும் அதையே முன்வைத்து எழுதப்படுகின்றன. ஓரளவு பழகியபின், மாற்றங்கள் குறைந்த அமைதியான சூழலை விரும்புவோருக்கு டெபியன். ஆர்ச் போன்று, எல்லாவற்றையும் பயனரே கட்டிக்கொள்ள வேண்டிய வழங்கல்கள் கற்பதற்கு உகந்தவை. விண்டோஸுக்குப் பக்கத்தில் முதல் முயற்சியாக வைப்பதற்கு உகந்தவை அல்ல. இந்த விடைகளில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் சைமன் சொன்னபடி தேடுவதை அங்கே நிறுத்திவிடலாம்.

நிறுவுவதற்கு முன்

தேர்வைச் சோதித்துப் பார்க்கும் வசதி லினக்ஸில் உண்டு. வழங்கலின் கோப்பை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி, அதற்கென உள்ள கருவியால் 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். பென் டிரைவில் இருந்தவை அழிந்துவிடும் என்பதால் வெற்றான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் வட்டில் ஓர் எழுத்தும் மாறாது. வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, திரையின் வெளிச்சம் மாறுகிறதா, மூடித் திறந்தால் மடிக்கணினி விழிக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். அச்சுப்பொறியைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். எச்பி அச்சுப்பொறிகளுக்குப் பெரும்பாலும் நல்ல ஆதரவு உண்டு. நம் அலுவலகங்களில் பரவலாக உள்ள கேனன் எல்பிபி 2900 தனக்கேயுரிய நெறிமுறையில் இயங்குவதால், லினக்ஸில் அதை அமைப்பது எளிதன்று.

சோதனை நிறைவளித்தால், நிறுவுவதற்கு முன் நான்கு காரியங்களை வரிசையாகச் செய்ய வேண்டும்.

ஒன்று, காப்புநகல். குடும்பப் படங்கள், சான்றிதழ்கள், கணக்குகள் அனைத்தையும் வெளிவட்டு ஒன்றில் நகலெடுத்து, அந்த வட்டைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும். நகலெடுத்த கோப்புகளில் சிலவற்றைத் திறந்து பார்ப்பதும் நன்று.

இரண்டு, பிட்லாக்கர். பல மடிக்கணினிகளில் வட்டின் உள்ளடக்கம் பயனருக்குத் தெரியாமலேயே பூட்டெழுத்தாக்கப்பட்டிருக்கும். அதன் மீட்புத் திறவுகோல் 48 இலக்கங்கள் கொண்டது. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொடக்க அமைப்பில் மாற்றம் நிகழ்ந்ததும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். அப்போது தேடினால் காலம் கடந்திருக்கும்.

மூன்று, விரைவுத் தொடக்கம். விண்டோஸில் இந்த வசதி இயங்கும்போது, நாம் அணைத்ததாக நினைக்கும் கணினி உண்மையில் பாதி உறக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் விண்டோஸின் வட்டுப்பகுதியில் லினக்ஸ் எழுதினால் கோப்புகள் சிதையலாம். மின்சார அமைப்புகளில் சென்று அந்த வசதியை அணைத்துவிட வேண்டும்.

நான்கு, இடம் ஒதுக்குதல். விண்டோஸின் பகுதியைச் சுருக்கும் வேலையை விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டே செய்வது பாதுகாப்பானது. 20, 25 ஜி.பி. குறைந்தபட்சத் தேவை என்றாலும், 60 முதல் 100 ஜி.பி. வரை ஒதுக்கினால் பின்னர் நெருக்கடி வராது.

நிறுவும்போது ஒரு திரையில் மட்டும் நின்று நிதானிக்க வேண்டும். விண்டோஸுடன் இணைத்து நிறுவுவதா, வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவுவதா என்று அது கேட்கும். இரண்டும் ஒரு சொடுக்குத் தூரத்தில் இருக்கும். விளைவுகளோ எதிரெதிர்த் திசைகளில் இருக்கும். முதலாவதையே தேர்ந்தெடுங்கள். விண்டோஸை அது காட்டவில்லை என்றால் மேற்கொண்டு செல்லாமல், அறிந்தவர் ஒருவரைக் கேளுங்கள். நிறுவி முடித்தபின் கணினியைத் தொடங்கும்போது 'கிரப்' என்ற பட்டியல் தோன்றி, எதில் நுழைய வேண்டும் என்று கேட்கும்.

அதன்பிறகும் சில சிறு தொல்லைகள் வரக்கூடும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணிநேரம் பின்தங்கியிருக்கலாம். கணினியின் உள்கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொதுநேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும். பெரிய தொல்லைகளும் நேர்ந்ததுண்டு. 2024 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் பாதுகாப்புத் திருத்தம் ஒன்று, இரட்டைத் தொடக்கம் கொண்ட சில கணினிகளில் லினக்ஸ் தொடங்குவதையே தடுத்துவிட்டது. கோப்புகள் அழியவில்லை என்றாலும், பயனர்கள் திண்டாடினார்கள். நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவை அழிக்காமல் மேசை இழுப்பறையில் வைத்திருங்கள். லினக்ஸ் தொடங்காத வேளைகளில் அது உதவக்கூடும்.

இரண்டு நகரங்களின் பாடமும் ஒரு காவல் படையின் பாடமும் என்று பட்டியலிட இடமில்லை; இரண்டு நிகழ்வுகள் போதும். ஜெர்மனியின் மியூனிக் நகர நிர்வாகம் லினக்ஸுக்கு மாற 2003-இல் முடிவெடுத்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. 2017-இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்புவதென அதன் மன்றம் தீர்மானித்தது. பிரான்சின் 'ஜாந்தார்மெரி' என்னும் காவல் படை வேறு வரிசையைப் பின்பற்றியது. முதலில் விண்டோஸில் இருந்தபடியே ஓப்பன் ஆபீஸ், ஃபயர்பாக்ஸ் போன்ற கட்டற்ற செயலிகளுக்குத் தன் பணியாளர்களைப் பழக்கியது. கை பழகியபின், 2008 முதல் அடியிலுள்ள இயங்குதளத்தை உபுண்டுவாக மாற்றத் தொடங்கியது. மியூனிக்கின் பின்வாங்கலுக்கு அரசியல் உள்ளிட்ட பல காரணங்கள் கூறப்படுகின்றன. எனினும் பிரெஞ்சுப் படையின் வரிசை எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும். இன்றே உங்கள் விண்டோஸில் லிபர் ஆபீஸையும் ஃபயர்பாக்ஸையும் நிறுவிப் பழகுங்கள். ஓரிரு மாதங்கள் கழித்து லினக்ஸில் நுழையும்போது அதே முகங்கள் உங்களை வரவேற்கும்.

இலவசம் என்பதன் விலை

லினக்ஸ் இலவசம் என்பது பாதி உண்மை. அதற்குப் பணம் தர வேண்டியதில்லை. நேரம் தர வேண்டும். முதல் மாதத்தில் சில மாலைகள் அதற்குச் செலவாகும். அந்த நேரத்தில் வேறு பயனுள்ளதைச் செய்திருக்கலாம் என்றால் அதுவே அதன் விலை. ஒரே கணினியை நம்பித் தொழில் நடத்துபவர், பிழை நேர்ந்தால் உதவிக்கு ஆள் இல்லாதவர், விண்டோஸ் 11-க்குத் தகுதியுள்ள கணினியை நிறைவோடு பயன்படுத்துபவர் ஆகியோரை நான் வற்புறுத்த மாட்டேன். புதிய கணினி வாங்கும் வசதியின்றி, பழையதை ஆபத்தோடு ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்தச் சில மாலைகள் பெரிய விலை அல்ல. நான் என் மடிக்கணினியில் இரண்டையும் வைத்திருக்கிறேன். தரவுகளை ஆராய 'ஆர்', 'கிரெட்டில்' ஆகிய கட்டற்ற செயலிகள் லினக்ஸ் பக்கம். பழைய எழுத்துருவில் உள்ள குறிப்புகள் விண்டோஸ் பக்கம். அந்தக் குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற மாற்ற, விண்டோஸில் நுழையும் நாட்கள் குறைந்துவருகின்றன.

தனிமனிதர் தேர்வோடு இது முடிந்துவிடுவதில்லை. மாறுதல் செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் பல நேரங்களில் பொது நிறுவனங்களே. ஒரு பல்கலைக்கழகம் தன் விண்ணப்பத்தைக் குறிப்பிட்ட நிறுவனத்தின் கோப்பு வடிவில் மட்டும் கேட்டால், அது மாணவரை அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளராக்குகிறது. ஓர் அலுவலகம் தன் ஆணைகளைப் பழைய எழுத்துருவில் அனுப்பினால், பெறுபவரும் அதே மென்பொருளை வைத்திருக்க வேண்டியதாகிறது. திறந்த ஆவண வடிவம் 2006 முதல் பன்னாட்டுத் தர நிறுவனத்தின் ஏற்பு பெற்றது. திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015-இல் வெளியிட்டது. விண்டோஸ் எக்ஸ்பியின் ஆதரவு முடிந்த 2014-இல், அரசுத் துறைகளின் கணினிகளில் பாஸ் லினக்ஸைப் பயன்படுத்தத் தமிழக அரசும் அறிவுறுத்தியது. கொள்கைகளுக்குக் குறைவில்லை. அரசின் இணையதளங்கள் எந்த இயங்குதளத்திலும் திறக்க வேண்டும், ஆவணங்கள் ஒருங்குறியில் இருக்க வேண்டும், மின்கையொப்பச் சாதனங்கள் லினக்ஸிலும் இயங்க வேண்டும் என்ற மூன்றை மட்டும் உறுதிசெய்தாலே பெரும்பாலான குடும்பங்களுக்குத் தடை நீங்கிவிடும்.

கல்லூரிகளும் ஒன்று செய்யலாம். கணினித் துறை மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை ஆய்வகத்தைத் திறந்துவைத்து, ஊர்மக்கள் கொண்டுவரும் பழைய மடிக்கணினிகளில் காப்புநகல் எடுத்து, லினக்ஸை நிறுவித் தரலாம். அந்த மாணவர்களுக்கு அது பாடம். கொண்டுவருபவர்களுக்குப் புதிய கணினியின் விலை மிச்சம். பத்தாண்டு உழைத்த கணினி இன்னும் ஐந்தாண்டு உழைக்குமா என்பதை அதன் உரிமையாளரே முடிவு செய்யும் நிலை அப்போதுதான் வரும்.